அம்மாவை உட்கார வைக்காதீர்கள்

இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோர ஊர்களில் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வீடு திரும்பிய தாய்மார்களின் பிள்ளைகளுக்கு,

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுக இருக்கிற உங்களுக்கும், துபாயிலும் குவைத்திலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு ராத்திரி ஆனால் போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிற உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மருமகள்களும் படியுங்கள். அம்மாவோடு பகல் முழுக்க இருப்பது நீங்கள்தான்.

நான் மருத்துவர் இல்லை. கடல்பாசி எடுத்து என்னைப் படிக்க வைத்த ஒருத்தியின் மகள். அவருக்கு 64 வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன், ஆறு கீமோ, பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தது, இப்போது தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. நீங்கள் அலைந்த அதே அலைச்சலை நானும் அலைந்திருக்கிறேன். விடிவதற்கு முன் மதுரைக்குப் பஸ் ஏறி, வரிசையில் நின்று, வாந்திக்கு ஒரு பாலிதீன் பையோடு ராத்திரி வீடு திரும்பிய நாட்களை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த உரிமையில்தான் உங்களிடம் பேசுகிறேன்.

சிகிச்சை முடிந்து வந்ததும் நாம் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தோம். அம்மாவை உட்கார வைத்தோம். "நீ சும்மா இரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்றோம். குடத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டோம். சந்தைக்குப் போக வேண்டாம், மீன் கூடை தூக்க வேண்டாம், வெயிலில் இறங்க வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினோம். டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டோம், மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பினோம். ஆயுசு முழுக்க உழைத்த உடம்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டதாக நமக்குள் ஒரு நிறைவுகூட வந்தது. எனக்கு வந்தது.

எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. காலையில் போட்ட மாத்திரையை அம்மா மத்தியானம் மறுபடியும் போட்டிருந்தார். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், அடிப்பிடித்த வாசனை தெரு வரை வந்தது. கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "வயசாச்சுல்ல" என்று அதையெல்லாம் தள்ளிவிட்டேன். ஒரு நாள் சாயங்காலம், சும்மா பேச்சுக்கு, "இன்னிக்குத் தண்ணி எப்பம்மா வத்தும்?" என்று கேட்டேன். பாசி எடுக்கிற பெண்களுக்குக் காலண்டர் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும். பிறையைப் பார்த்தே எந்த நாளில் எந்த நேரம் கடலில் இறங்கலாம் என்று சொல்வார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துப் பாறை இடுக்கில் கைவிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வந்தவர் என் அம்மா. வியாபாரியின் தராசு காட்டும் எடையைக் கையாலேயே சொல்லிவிடுவார். அவர் வானத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியலடி" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு "தெரியல" கேட்டிருக்கும். கருவாட்டுக் கணக்கைப் பைசா சுத்தமாக வைத்திருந்தவர் சில்லறையை இரண்டு தடவை எண்ணியிருப்பார். ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்று நாலு தலைமுறை சொல்லும் ஆத்தா பேரன் பெயரில் தடுமாறியிருப்பார். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று உம்மா குழம்பியிருப்பார். அவர்கள் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இவ்வளவு செலவு செய்து பிழைக்க வைத்த பிள்ளையிடம் இன்னொரு குறையை எப்படிச் சொல்வது என்று விழுங்கியிருப்பார்கள்.

வயசு என்று தள்ளாதீர்கள் என்பதுதான் உங்களிடம் நான் முதலில் சொல்ல வேண்டியது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நினைவும் கவனமும் மந்தப்படுவதை உலகம் முழுக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கீமோ மருந்து, உடம்புக்குள் அது கிளப்பும் அழற்சி, ஹார்மோன் மாத்திரை, தூக்கமின்மை, ரத்தசோகை, பயம் என்று பல கைகள் சேர்ந்து இதைச் செய்கின்றன. எல்லாருக்கும் வருவதில்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த, 60 வயதைத் தாண்டிய 344 பெண்களை, நோயே வராத 347 பெண்களோடு ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. கீமோ எடுத்தவர்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களிடம்தான் சரிவு கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். 2023-ல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கு ஒன்று, 60 வயதைத் தாண்டிய நம் மக்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாகச் சொன்னது. பெண்களிடமும், பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும், கிராமங்களிலும் அது அதிகம். நம் அம்மாக்களில் பெரும்பாலோர் இந்த மூன்றிலும் வருகிறார்கள். நாமோ அதற்கு மேல் அவர்களை நாற்காலியிலும் உட்கார வைத்துவிட்டோம்.

உட்கார வைத்ததற்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடக்கச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கை காலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடம் கழித்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, நடந்தவர்களுக்கு நினைவைக் காக்கும் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அதே பகுதி சுருங்கியிருந்தது. அவர்கள் புற்றுநோய்க்காரர்கள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, கீமோ எடுத்த 580 பெண்களைச் சிகிச்சைக்கு முன்பிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு 2021-ல் வந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் உடம்பை ஓட்டியவர்கள், ஓட்டாதவர்களைவிட நினைவு, கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். 2018-ல் இன்னொன்று: மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 87 பெண்களில் ஒரு பாதியை 12 வாரம் நடை, உடற்பயிற்சி என்று இயங்க வைத்தார்கள். அவர்களுக்கு யோசிக்கும் வேகம் கூடியது. நோய் கண்டுபிடித்து இரண்டு வருடத்துக்குள் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. நாம் அம்மாவை உட்கார வைத்தது சரியாக அந்த இரண்டு வருடத்தில்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

நடந்தால் மறதி போயே போய்விடும் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டலும் அப்படிச் சொல்லவில்லை. நினைவாற்றலுக்கான சான்று இன்னும் போதவில்லை என்ற அளவில்தான் அதில் நிறுத்தினார்கள். ஆனால் சோர்வு, பயம், மனச்சோர்வு, உடம்பின் தெம்பு ஆகியவற்றுக்கு உடற்பயிற்சி உறுதியாக உதவும் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. சோர்வும் பயமும் குறைந்து, ராத்திரி நல்ல தூக்கமும் வந்தால் அம்மாவின் தலை பாதி தெளிந்துவிடும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி செருப்பு.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். அவை எல்லாம் என் வாயிலிருந்தும் வந்தவை.

"வீட்டு வேலை செய்யுறாங்கல்ல, அது போதாதா?" போதாது. அடுப்படியில் நிற்பதும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதும் மூச்சை ஏற்றுவதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு வேகம் வேண்டும். ஒரு காலத்தில் அம்மா தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடம் வைத்து மைல் கணக்கில் தண்ணீர் தள்ளி வந்தாரே, அந்த உழைப்பு அவரை வதைத்தது உண்மை. அது நின்றதும் நல்லதுதான். ஆனால் வதையை நிறுத்தும்போது அசைவையும் சேர்த்து நிறுத்திவிட்டோம்.

"அந்தக் கையை அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே?" அக்குளில் நெறி எடுத்த பக்கம் கை வீங்கும் என்ற பயத்தில் பல வீடுகளில் அந்தக் கையை ஒரு பச்சைப்பிள்ளை மாதிரி மடியிலேயே வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. கையில் இறுக்க உறை போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் மேற்பார்வையில், வாரத்துக்கு இரண்டு நாள், சிறிய எடையிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் தடவைகள் குறையவும் செய்தன. இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். பிசியோவிடம் கேட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலிலிருந்து ஆரம்பியுங்கள். கை கனத்தாலோ, தோல் சிவந்து சுட்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

"ஊர் என்ன சொல்லும்?" இதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற மறுப்பு. நம் கரையில் இந்த நோய்க்குப் பெயர் சொல்வதில்லை. "கட்டியை எடுத்தாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அம்மா தெருவில் இறங்கினால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள், முந்தானைக்குள் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்ப்பார்கள் என்று அவரும் கூசுகிறார், நாமும் கூசுகிறோம். பெண் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றால் இன்னும் பூட்டி வைக்கிறோம். நம் ஊர்களில் ஆண்கள் சாயங்காலம் கடற்கரையில் கைவீசி நடப்பதை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அறுபது வயதுப் பெண் காரணமில்லாமல் நடந்தால் மட்டும் கேட்கிறார்கள். உங்களை நோக்கி நான் கோபமாகக் கேட்கிறேன்: உயிரைக் காப்பாற்ற நிலத்தை அடகு வைத்த நீங்கள், ஊர்ப் பேச்சுக்காக அந்த உயிரை வீட்டுக்குள் வைத்துத் துருப்பிடிக்க விடலாமா?

மருத்துவமனைகள் மீதும் எனக்குக் குறை உண்டு. எங்களுக்குக் கொடுத்த சீட்டில் மாத்திரை பெயர் இருந்தது, அடுத்து வர வேண்டிய தேதி இருந்தது. நடக்கச் சொல்லி ஒரு வரி இல்லை. மறதி வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் அவர்களுக்கு நேரமில்லை என்பதும் தெரியும். அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, புற்றுநோய் என்றால் சாவு என்றுதான் ஊர் நினைத்தது. அதே மருத்துவமனையின் டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை அந்த நினைப்போடுதான் போராடினார். இப்போது நோயிலிருந்து மீண்டு வீட்டில் இருக்கும் அம்மாக்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். மீண்டவர்களை எப்படி வாழ வைப்பது என்பது அடுத்த வேலை. அதில் பெரும்பங்கு வீட்டில் நடக்கிறது. அது உங்கள் கையில் இருக்கிறது.

அதனால் எப்படித் தொடங்குவது என்று நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன். முதலில் அம்மாவுக்குச் சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் நடக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எலும்புக்கு நோய் பரவியிருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ அவர் வேறு வழி சொல்வார். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12 மூன்றையும் சோதிக்கச் சொல்லுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் தலை மந்தமாகும், மருந்தில் சரியாகும். காதும் கண்ணும் பாருங்கள். திடீரென்று பேச்சு குழறினாலோ, தலைவலியும் வாந்தியுமாக ஆள் மாறினாலோ நடைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப்போகும். அம்மா வெறுங்காலில் மணலில் நடந்தே பழகியவர், செருப்பு எதற்கு என்பார். விடாதீர்கள். கொதிக்கிற மணலும் கிளிஞ்சலும் குத்துவது அவருக்குத் தெரியாமல் போகலாம். குதிகால் பட்டை உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஆறரைக்கு முன்னால், இல்லையென்றால் மாலை ஐந்தரைக்குப் பிறகு. முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டி முப்பதில் நிறுத்துங்கள். வாரம் ஐந்து நாள் என்றால் அதுவே 150 நிமிடம். ஹார்மோன் மாத்திரைகளில் சில எலும்பைத் தேய்க்கும் என்பதால் வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நாம் போட்டுக் கொடுத்த அதே நாற்காலி அதற்காவது பயன்படட்டும்.

அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர் உங்கள் வீட்டுப் படியேறி வருகிறார். அவரிடம் சுகர், பிரஷர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறீர்கள். அதே திட்டத்தில் பிசியோவும் இருக்கிறார். அம்மாவின் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லி, அவரை வரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு நீங்கள் வெட்கப்பட்டால் அவர் வர மாட்டார். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு ஒரு திட்டம் தொடங்கியது. நம் அம்மாக்களுக்கு எட்டு கிலோமீட்டர் வேண்டாம். தெருமுனையில் இருக்கிற வேப்பமரம் வரை போய்த் திரும்புகிற துணை வேண்டும். உங்கள் ஊர் மகளிர் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். இதே நோய் கண்ட இன்னொரு அக்கா அடுத்த தெருவிலேயே பேசாமல் இருந்திருப்பார். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. அம்மாவுக்கு நடைத்துணை கிடைத்தது அந்த வழியில்தான்.

என் அம்மா நடக்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. முதல் வாரம் என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். மறதி போய்விடவில்லை. மாத்திரை டப்பாவில் இன்னும் கிழமை எழுதித்தான் வைத்திருக்கிறேன். பேரன் பெயரில் இன்னும் சில நாள் தடுக்கும். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வருகிறார். மீன்காரம்மா ஐந்து ரூபாய் குறைவாகச் சில்லறை கொடுத்ததைப் போன மாதம் அங்கேயே நின்று கேட்டு வாங்கினார். நடக்கும்போது பழைய கதைகளைச் சொல்கிறார். அமைதியான பெண் கடல் பக்கத்தைவிட ஆண் கடல் பக்கம்தான் பாசி நன்றாக இருக்கும் என்கிறார், அந்த நாளில் அங்கே யார் யாரோடு போனார் என்று பெயர் பெயராகச் சொல்கிறார். பாதிப் பெயர்களை நான் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். சிகிச்சைக்கு அலைந்த நாட்களில் நாங்கள் இருவரும் ரிசல்ட் தவிர வேறு எதையும் பேசியிருக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பக்கத்தில் இருப்பவர்கள், மருத்துவர் சரி என்றதும் மறுநாள் சாயங்காலமே வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றாமல் "வாம்மா, முனை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். நீங்கள் கூட நடந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. சொன்னாலும் பதில் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். தூரத்தில் இருப்பவர்கள், ராத்திரி போனில் "சாப்டியாம்மா, மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்ட பிறகு மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்: "இன்னிக்கு நடந்தியா?" நடந்தேன் என்றால், யாரைப் பார்த்தாய், என்ன பேசினாய் என்று கேளுங்கள். அவர் யோசித்து யோசித்துச் சொல்வார். அவசரப்படுத்தாமல் சொல்லி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே அம்மாவை உட்கார வைத்திருந்த ஒரு மகள்